உலகத்தில் எத்தனை பேர் ஸ்குவாஷ் ஆடுகிறார்கள்? 2 கோடி என்பது சரியா?

185 நாடுகள், ஏறக்குறைய 50,000 கோர்ட்டுகள், 2 கோடி ஆட்டக்காரர்கள் என்பதுதான் எங்கும் சொல்லப்படும் கணக்கு. சரியா தவறா என்பது, யாரை ‘ஆட்டக்காரர்’ என்று எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது.

கிரிக்கெட்டைத் தெருவிலும் ஆடலாம். மட்டையால் பந்தைச் சுவரில் அடித்து ஆடும் ஸ்குவாஷுக்கு நாலு சுவர் வேண்டும்: 9.75 மீட்டர் நீளம், 6.4 மீட்டர் அகலம், உள்ளே இரண்டே பேர். அதனால் ஆளை எண்ணுவதைவிடக் கோர்ட்டை எண்ணுவது நம்பகமானது.

2 கோடியை 50,000-ஆல் வகுத்தால் கோர்ட்டுக்கு 400 பேர். எல்லாரும் வாரம் ஒருமுறை வந்தால் 200 ஆட்டம். ஒரு ஸ்லாட், அதாவது ஓர் ஆட்டத்துக்கு ஒதுக்கும் நேரம், 45 நிமிடம் என்றால் 150 மணி நேரம். வாரத்துக்கு இருப்பதே 168 மணி நேரம். விடிய விடிய விளக்கெரிந்தால்தான் நடக்கும்!

நடப்புக்கு ஏற்றபடி போட்டுப் பார்ப்போம். தினம் 14 மணி நேரம் திறந்திருந்தால் வாரத்துக்குச் சுமார் 130 ஸ்லாட். அதில் 30% நிரம்புகிறது என்பது என் அனுமானம். அப்படியானால் 40 ஸ்லாட், 80 வருகை, ஆண்டுக்கு 4,160. வாரம் சராசரி ஒன்றரை முறை வரும் 50 பேர், ஆண்டில் 50 வாரம் ஆடினால் 3,750 வருகை அவர்களுடையது. மீதி 410-ல், எப்போதாவது ஒருமுறை எட்டிப் பார்க்கும் 350 பேர் அடங்கிவிடுவார்கள். மொத்தம் 400! ஆக, ஆண்டில் ஒருமுறை மட்டை பிடித்தவரையும் சேர்த்தால் 2 கோடி சாத்தியம். வாராவாரம் ஆடுபவர்கள், கோர்ட்டுக்கு 50 பேர் வீதம், 25 லட்சம் அளவில்தான் இருப்பார்கள். நான் நம்புவது இந்த இரண்டாவது எண்ணைத்தான்.

நாடுகளின் கருத்துக்கணிப்புகளை அப்படியே கூட்டாதீர்கள். இங்கிலாந்தின் முக்கியக் கணிப்பு 28 நாளில் இரண்டு முறையாவது ஆடியவரை எண்ணும். அமெரிக்காவில் ஆண்டுக்கு ஒருமுறை போதும். மாதிரி அளவும் காலை வாரும்: 10,000 பேரில் 50 பேர் ஆடுவதாகச் சொன்னால், உண்மை 36 முதல் 64 வரை எங்கும் இருக்கலாம். சங்க உறுப்பினர் பட்டியலோ குறைத்துக் காட்டும், காசு கட்டி ஆடிவிட்டுப் போகிறவர் அதில் வரமாட்டார். தரவரிசையை வைத்தும் ஊகிக்க வேண்டாம்; முன்னணியில் எகிப்து நின்றாலும், கோர்ட்டுகள் இங்கிலாந்தில்தான் பல மடங்கு அதிகம்.

கோர்ட் எண்ணிக்கையிலும் ஓட்டை உண்டு. ஜிம்மாக மாறியவை, அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சாமான் அடைத்துக் கிடப்பவை பழைய பட்டியலில் அப்படியே இருக்கும். மறுபக்கம், பயிற்சி நேரத்தில் ஒரே கோர்ட்டில் நாலைந்து பிள்ளைகள் ஆடுவார்கள்.

உங்கள் ஊருக்குக் கணக்கிட்டால் என் 30%-ஐ எடுத்துவிட்டு, புக்கிங் பதிவேட்டில் இருப்பதைப் போடுங்கள். ஏழு நாள் பதிவையும் கேட்டு வாங்குங்கள். வேலைநாள் மாலையை மட்டும் பார்த்தால் எண் ஊதிப்போகும்.