தலசீமியா இருக்கும்போது பீர் குடிக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 24. தலசீமியா மேஜர் (தொடர்ந்து ரத்தம் ஏற்ற வேண்டிய பரம்பரை ரத்த நோய்). மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றுகிறார்கள். உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்ற டெஃபராசிராக்ஸ் மாத்திரை எடுக்கிறேன். இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனையில் ஃபெரிட்டின் 2,400. வேலைக்குப் போன பிறகு நண்பர்கள் வார இறுதியில் பீர் குடிக்கக் கூப்பிடுகிறார்கள். ஒரு பாட்டில் குடித்தால் தப்பா? அன்றைக்கு மட்டும் மாத்திரையை விட்டுவிட்டால் போதுமா?

பதில்: இரண்டாவது கேள்விதான் எனக்குக் கவலை தருகிறது. பீருக்காக மாத்திரையை விடவே விடாதீர்கள்.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு யூனிட் ரத்தத்தில் சுமார் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. மூன்று வாரத்துக்கு 400, 500 உள்ளே வருகிறது. உடம்பு தானாக வெளியேற்றுவதோ நாளுக்கு 1 அல்லது 2 மில்லிகிராம். மூன்று வாரத்துக்கு 40 சொச்சத்தைத் தாண்டாது. மிச்சத்தை வெளியே தள்ளுவது உங்கள் மாத்திரைதான். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் வகை என்றால், டம்ளரின் அடியில் ஒட்டியிருக்கும் தூளைக்கூட இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கிக் குடிக்கச் சொல்வது அதனால்தான்.

சரி, பீருக்கு வருவோம். தேங்கும் இரும்பு முதலில் போய்ச் சேருவது கல்லீரலில். மது எரிக்கப்படுவதும் அங்கேதான். இரண்டும் சேர்ந்தால் கல்லீரலில் தழும்பு விழுவது வேகமாகிறது. ஹெபடைட்டிஸ் பி அல்லது சி தொற்றும் இருந்தால் இன்னும் மோசம். போதாததற்கு, உணவிலிருந்து இரும்பு உறிஞ்சப்படுவதற்குக் கடிவாளம் போடும் ஹெப்சிடின் என்ற ஹார்மோனையும் மது குறைத்துவிடுகிறது. டெஃபராசிராக்ஸ் அரிதாக இரைப்பையில் ரத்தக்கசிவை உண்டாக்கலாம். வயிற்றைப் புண்ணாக்கும் மது அதோடு சேரக் கூடாது. அதனால் உங்கள் நிலையில் ஒரு பாட்டிலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஏற்கெனவே குடித்திருந்தால் அதை உங்கள் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். திட்டுவார் என்று பயந்து மறைத்தால், கல்லீரல் பரிசோதனையில் எண்கள் ஏறியதற்கு மாத்திரைதான் காரணம் என்று நினைத்து அதை நிறுத்திவிடக்கூடும். மலம் கறுப்பாகப் போனாலோ, வாந்தியில் ரத்தம் தெரிந்தாலோ, கண் வழக்கத்தைவிட மஞ்சளானாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். வாந்தி நிற்காமல் உடம்பில் நீர் வற்றினால் மட்டும், அடுத்த வேளை மாத்திரைக்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். அந்த நிலையில் அது சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்.

அப்புறம் ஒன்று: ஃபெரிட்டினை மட்டும் நம்பாமல், கல்லீரலிலும் இதயத்திலும் உள்ள இரும்பை அளக்கும் எம்.ஆர்.ஐ. கடைசியாக எப்போது எடுத்தார்கள் என்று பாருங்கள். ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் அடுத்த முறை ரத்தம் ஏற்றப் போகும்போதே கேட்டுவிடுங்கள்.