மேசை நடுவில் வைக்கும் பூ அலங்காரத்தை முதன்முறையாகச் செய்பவர் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

வீட்டில் விருந்து, மேசை நடுவில் வைக்கும் பூ அலங்காரத்தை நானே செய்ய ஆசை, ஆனால் பழக்கமில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். பூவைத் தொடும் முன் அந்த மேசை முன்னால் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். விருந்தினர் பூவைப் பார்க்கப்போவது அந்த உயரத்திலிருந்துதான்.

நான் முதன்முறை செய்தபோது நின்றுகொண்டே செய்தேன். மேலிருந்து பார்க்க நிறைவாகத்தான் இருந்தது. எல்லோரும் உட்கார்ந்த பிறகு பார்த்தால், பக்கவாட்டில் ஃபோம் (தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், காம்புகளைச் செருகும் பஞ்சு போன்ற கட்டி) அப்படியே தெரிகிறது. எதிரெதிரே இருந்தவர்கள் பூவைச் சுற்றி எட்டிப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து முழங்கையை மேசையில் ஊன்றிப் பார்க்கிறேன்: பாத்திரத்தோடு சேர்த்து மணிக்கட்டு உயரத்தைத் தாண்டக் கூடாது. சுமார் 25 முதல் 30 செ.மீ. வரும்.

பூக்களை முந்தைய நாளே வாங்கி, காம்பின் நுனியில் 2 செ.மீ. அளவுக்குச் சாய்வாக வெட்டி, தண்ணீரில் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிட்டு, குளிர்ச்சியான இடத்தில் சில மணி நேரம் தண்ணீர் குடிக்க விடுங்கள். பக்கத்தில் பழக்கூடை வேண்டாம். பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் வாட வைக்கும், குறிப்பாகக் கார்னேஷனை.

அடுத்தது ஃபோம். பலர் தவறு செய்வது இங்கேதான். வாளித் தண்ணீரின் மேல் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள், தானாக மூழ்கட்டும். அழுத்தினால் வெளிப்புறம் மட்டும் நனைந்து, உள்ளே காற்று தங்கிக் காய்ந்தே கிடக்கும். அந்த இடத்தில் செருகிய பூ முதலில் தலை சாயும். பாத்திரத்தின் விளிம்புக்கு மேல் 2–3 செ.மீ. நிற்கும்படி ஃபோமை வெட்டினால்தான் பக்கவாட்டிலும் காம்பு செருக முடியும். ஒருமுறை குத்திய காம்பைப் பாதி உருவினால் அடியில் வெற்றிடம் விழுந்துவிடும், அதனால் முழுக்க எடுத்துச் சற்றுத் தள்ளிப் புதிதாகக் குத்துங்கள். இந்த ஃபோம் மக்காத பிளாஸ்டிக். தூளைச் சாக்கடையில் விட வேண்டாம். கை பழகிய பிறகு, சுருட்டிய கம்பி வலையைப் பாத்திரத்துக்குள் வைத்துச் செய்யுங்கள். நான் இப்போது அதற்கு மாறிவிட்டேன்.

முதலில் இலைதான். விளிம்பைச் சுற்றிக் கொஞ்சம் வெளியே தழையும்படி செருகுங்கள். அப்புறம் பெரிய பூக்கள். 9 ரோஜா இருந்தால் நடுவில் ஒன்று, விளிம்பை ஒட்டிப் படுத்தவாக்கில் ஐந்து, இடைப்பட்ட உயரத்தில் சாய்வாக மூன்று. எல்லாக் காம்பும் ஃபோமுக்குள் ஒரே புள்ளியை நோக்கிப் போக வேண்டும். அப்போதுதான் பூக்கள் ஒரே செடியிலிருந்து விரிந்தது போலத் தெரியும். இரண்டு பூ வைத்ததும் பாத்திரத்தைச் சற்றுத் திருப்புங்கள், இல்லாவிட்டால் ஒரு பக்கம் மட்டும் அழகாகிவிடும். மிச்ச இடைவெளிக்குச் சின்னச் செவ்வந்தி, பொடிப்பொடி வெள்ளைப் பூவான ஜிப்சோபிலா. எல்லா இடைவெளியையும் அடைக்க வேண்டாம், பூவுக்குப் பூ கொஞ்சம் மூச்சு விட இடம் இருக்கட்டும்.

இதை முந்தைய நாள் மாலையே செய்து வைக்கலாம். விருந்துக்கு முன் தண்ணீர் ஊற்றிவிட்டு, மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். ஃபோம் தெரிகிற இடத்தில் ஒரு சின்ன இலை செருகினால் போதும்.