கடலுக்குப் போட்டுப் போகும் மழைக்கோட்டில் ‘அழியா ரசாயனம்’ இருக்குமா?

பாம்பனில் விசைப்படகில் போகும் உங்கள் அண்ணனின் மழைக்கோட்டு உடம்புக்குக் கேடா என்று கேட்டிருக்கிறீர்கள். ரப்பர், பிவிசி கோட்டு என்றால் இந்தக் கவலை பெரும்பாலும் வேண்டாம். அது தானாகவே தண்ணீரை உள்ளே விடாது. தண்ணீர் முத்து முத்தாக உருண்டோடும் துணிக் கோட்டில்தான் ‘அழியா ரசாயனங்கள்’ எனப்படும் பிஎஃப்ஏஎஸ் (PFAS) பூச்சு இருக்கலாம். ஒரு சொட்டு கடலை எண்ணெய் விட்டுப் பாருங்கள். அதுவும் ஊறாமல் நின்றால் சந்தேகம் வலுக்கும். மெழுகு, சிலிக்கோன் பூச்சுகள் எண்ணெயைத் தடுக்காது.

சரி, ஆபத்து? இவை உடம்புக்குள் போவது பெரும்பாலும் குடிநீர், உணவு வழியாகத்தான். பூச்சு தேயத் தேயத் தண்ணீரில் சேரும். இவற்றில் உள்ள கார்பன்–ஃப்ளோரின் பிணைப்பை வெயிலும் உப்பும் லேசில் உடைக்காது. இந்த வகையில் ஒன்றான பிஎஃப்ஓஏ மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று 2023-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. கிழிந்த கோட்டைக் கரையில் போட்டுக் கொளுத்த வேண்டாம், பிவிசி புகையும் உடம்புக்கு மோசம்.