டிசம்பர் வெயிலில் ஒரு பனிக்கால பியர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆஸ்திரியாவிலிருந்து வந்த உறவினர் ‘சாமிக்லவுஸ்’ என்ற கிறிஸ்துமஸ் பியர் இரண்டு பாட்டில் கொடுத்தார். 330 மில்லி, சாராயம் 14 சதவீதம். எங்கள் ஊர் வழக்கமான பியரான காஸில் லாகர் குடிப்பதுபோலவே ஃப்ரீசரில் வைத்து, பனி பிடித்த மக்கில் ஊற்றி, பன்னி சௌவோடு (குடைந்த ரொட்டிக்குள் ஊற்றிய காரக் கறிக்குழம்பு) குடித்தோம். நுரையே நிற்கவில்லை. முதலில் சப்பென்று இருந்தது, பாதிக்குமேல் இருமல் மருந்துபோலத் தித்தித்தது. கெட்டுப்போனதா? மிச்சமிருக்கும் பாட்டிலை நான்கு பேர் ருசி பார்ப்பது எப்படி?

வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

அன்புள்ள நண்பருக்கு,

பியர் கெடவில்லை. சப்பென்று இருந்ததற்கும் பிறகு திகட்டியதற்கும் ஒரே காரணம்தான், குளிர்ச்சியின் அளவு. உறைநிலைக்குப் பக்கத்தில் மணமும் இனிப்பும் அடங்கிவிடும், கசப்பு மட்டும் தெரியும். டிசம்பரில் டர்பன் வீட்டுக்குள் 28 டிகிரி இருக்கும்போது அதே பியர் மக்கிலேயே சூடேறினால், இனிப்பும் சாராய நெடியும் ஒன்றாக மேலே வரும். இந்தப் பியர் பேசுவது 10 முதல் 13 டிகிரிக்குள். நீங்கள் அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள்.

நுரை இல்லாததும் குறையல்ல. சாராயம் ஏற ஏற நுரை நிற்பது கடினம். சாமிக்லவுஸ் ஆண்டுக்கு ஒரே நாள், புனித நிக்கலஸ் திருநாளான டிசம்பர் 6 அன்று காய்ச்சப்பட்டு, ஏறக்குறைய 10 மாதம் குளிரில் முதிர்வது. இதை முதலில் காய்ச்சத் தொடங்கியது ஜூரிச்சின் ஹூர்லிமான் ஆலை. 1997-இல் நின்றுபோய், 2000-இலிருந்து ஆஸ்திரியாவின் ஏகன்பெர்க் ஆலை காய்ச்சுகிறது. இவ்வளவு சாராயத்தில் ஈஸ்ட் சோர்ந்துவிடும். தின்னாமல் விட்ட சர்க்கரைதான் அந்த இனிப்பு. உலர்திராட்சை, கருப்பட்டி, பேரீச்சம்பழம் என்று நாக்கில் படுவதெல்லாம் மால்ட்டும் (முளைகட்டி உலர்த்திய பார்லி) முதிர்ச்சியும் தருபவை. மசாலா எதுவும் சேர்ப்பதில்லை. பெல்ஜியத்துக் கிறிஸ்துமஸ் பியர்கள் சிலவற்றில் மசாலா உண்டு. ஆனால் அவற்றில் வரும் கிராம்பு மணம் பல நேரம் ஈஸ்ட்டே உண்டாக்குவது.

இரண்டாம் பாட்டிலுக்கு வருவோம். ஃப்ரீசர் வேண்டாம், மறந்துபோனால் உறைந்து பாட்டில் வெடிக்கும். ஃப்ரிட்ஜில் 4 டிகிரியில் இருப்பதை எடுத்து, திறக்காமல் மேசையில் சுமார் 20 நிமிடம் நிறுத்துங்கள். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் முதல் கிளாஸில் வைத்துப் பாருங்கள். மக்குக்குப் பதில் பிராந்தி கிளாஸ் அல்லது வாய் குறுகிய சின்ன ஒயின் கிளாஸ். உறைந்த மக்கில் படிந்த பனி உருகிப் பியரில் தண்ணீர் சேர்க்கும். கிளாஸில் கறிக்குழம்பின் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வருகிற கொஞ்ச நுரையும் போய்விடும். சோடா உப்பில் கழுவி, துடைக்காமல் கவிழ்த்து வையுங்கள். கழுவிய கிளாஸில் தண்ணீர் முத்து முத்தாக நின்றால் பிசுக்கு இன்னும் இருக்கிறது.

ஆளுக்கு 80 மில்லி போதும். சுழற்றுவதற்கு முன்பே இரண்டு சின்ன மூச்சாக முகருங்கள், பிறகு மெல்லச் சுழற்றி மறுபடியும். ஒரு சிறு மிடறை மூன்று நான்கு விநாடி வாயில் வைத்து விழுங்கி, மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். பழ மணம் அப்போதுதான் முழுதாகத் தெரியும். பாதியை வைத்திருந்து பத்து நிமிடம் கழித்துக் குடியுங்கள், வேறொரு பியர்போல இருக்கும். நெஞ்சில் இதமான சூடு நல்லது. நெயில் பாலிஷ் ரிமூவர் நெடி, ஈர அட்டைப்பெட்டி வாசம், கூர்மையான புளிப்பு, இவைதான் கெட்டதற்கு அடையாளம்.

பன்னி சௌவை மட்டும் இதன் பக்கத்தில் வைக்கவே கூடாது. சாராயமும் வாயுவும் மிளகாயின் எரிச்சலை ஏற்றும், எரிந்த நாக்கில் மென்மையான ருசி எதுவும் ஒட்டாது. பர்ஃபியும் வேண்டாம், அவ்வளவு இனிப்புக்குப் பிறகு பியர் மெலிந்து கசக்கும். நன்கு முதிர்ந்த செடார் சீஸ், வறுத்த பாதாம், இனிப்பு மிதமான கிறிஸ்துமஸ் கேக் பொருந்தும்.

ஒருவரே முழுப் பாட்டிலையும் குடித்தால் ஏறக்குறைய மூன்று சின்ன பாட்டில் காஸில் லாகர் குடித்த கணக்கு. தென்னாப்பிரிக்காவில் வண்டி ஓட்டுபவருக்கு எல்லை 100 மில்லி ரத்தத்தில் 0.05 கிராம். பிறகு ஓட்ட வேண்டியவருக்கு இதை ஊற்றாதீர்கள்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கே திறக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லையென்றால், பாட்டிலை நிமிர்த்தி, வெளிச்சம் படாமல் ஃப்ரிட்ஜில் வைத்திருந்து ஜூலையில் திறக்கச் சொல்வேன். இத்தனை சாராயம் உள்ள பியர் ஆண்டுக்கணக்கில் தாங்கும். ஜூலை நமக்குக் குளிர்காலம், இரவில் டர்பன் வீடு குளிர்ந்திருக்கும். கிளாஸில் ஊற்றியது நிதானமாகச் சூடேறும், நான்கு பேரும் அவசரமில்லாமல் பேசிக்கொண்டே குடிக்கலாம்.