வெறும் சோறு ஏன் இனிக்கிறது? நொதிகள் பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள்

கேள்வி: மேடம், வெறும் சோற்றை ரொம்ப நேரம் மென்றால் லேசாக இனிக்கிறது. பிரமையா?

பிரமை இல்லை, நிஜமாகவே இனிக்கும். மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மணிகளைக் கோத்த நீளமான சரம், அதற்கென்று இனிப்பு கிடையாது. எச்சிலில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி, நீரைச் சேர்த்து அந்தச் சரத்தை அங்கங்கே வெட்டுகிறது, வெட்ட வெட்ட இரண்டு மணி சேர்ந்த மால்டோஸ் மாதிரித் துண்டுகள் விழுகின்றன. உங்கள் நாக்குக்குத் தெரிவது அந்த மால்டோஸ்தான்.

கேள்வி: அப்போ வாயிலேயே செரிமானம் முடிந்துவிடுமா?

தொடங்குவதோடு சரி. வயிற்றில் அமிலம் ஊறியதும் எச்சில் அமைலேஸ் அடங்கிவிடும். பெரிய வேலை சிறுகுடலில்தான், கணையம் அனுப்பும் அமைலேஸ் செய்கிறது. கடைசி வெட்டு மட்டும் குடல் சுவரில் ஒட்டியிருக்கும் மால்டேஸ், சுக்ரேஸ், லாக்டேஸ் ஆகியவற்றின் பொறுப்பு. ஒற்றைச் சர்க்கரையாக உடைந்த பிறகுதான் ரத்தத்துக்குள் போக முடியும்.

கேள்வி: அக்கா, முளைகட்டிய கேழ்வரகு மாவில் கஞ்சி காய்ச்சினால் கெட்டியாகவே மாட்டேன் என்கிறது, மாவு கெட்டுவிட்டதா?

மாவு நன்றாகத்தான் இருக்கிறது! முளைக்கும்போது விதை தன் சேமிப்பை உடைத்துத் தின்பதற்காக அமைலேஸை உண்டாக்கிக்கொள்கிறது, அது மாவிலும் தங்கிவிடுகிறது. 1833-இல் பிரான்சில் பாயன், பெர்சோ என்ற இருவர் முளைத்த பார்லியிலிருந்து பிரித்தெடுத்து டயஸ்டேஸ் என்று பெயரிட்டதும் இதைத்தான், முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்ட நொதி அது. கைக்குழந்தை வீட்டில் இருந்தால் இது பெரிய வரம். சாதா மாவில் கெட்டியாகக் கஞ்சி காய்ச்சி, கொஞ்சம் ஆறியதும் ஒரு ஸ்பூன் முளைமாவைக் கலந்து சில நிமிடம் விட்டால் தண்ணீர் ஊற்றாமலே இளகிவிடும், சின்ன வயிற்றுக்குள் கூடுதல் சத்து போகும். அப்புறம் மறுபடி ஒரு கொதி விட்டுவிடுங்கள், முளைகட்டும் ஈரத்தில் கிருமிகளும் வளரும்.

கேள்வி: பால் குடித்தால் வயிறு உப்புகிறது, தயிர் மட்டும் ஒத்துக்கொள்கிறதே?

பால் சர்க்கரையை வெட்டும் லாக்டேஸ் பலருக்கும் வளர வளரக் குறைந்துவிடும். வெட்டப்படாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போக, அங்கே பாக்டீரியா அதைப் புளிக்கவைத்து வாயுவாக்குகிறது. தயிரில் உறைப் பாக்டீரியாவே அந்த வேலையில் ஒரு பகுதியை முடித்துவைத்திருக்கும்.

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை நோய். அகார்போஸ் மாத்திரையை முதல் வாய்ச் சோற்றோடு போடச் சொன்னார் டாக்டர். ஏன்?

குடல் சுவரில் நடக்கும் அந்தக் கடைசி வெட்டைத் தாமதப்படுத்துகிற மாத்திரை அது, சோறு வரும்போதே அதுவும் அங்கே இருக்க வேண்டும். ஒன்று தயவுசெய்து கவனியுங்கள். கூடவே இன்சுலினோ வேறு மாத்திரையோ எடுத்து அவருக்குச் சர்க்கரை இறங்கிவிட்டால், வீட்டுச் சர்க்கரையைக் கரைத்துக் கொடுப்பது உடனே உதவாது, ஏனென்றால் அதையும் வெட்டித்தான் ஆக வேண்டும், வெட்டும் சுக்ரேஸையோ மாத்திரை கட்டிப்போட்டிருக்கிறது. குளுக்கோஸ் பொடிக்கு வெட்டே தேவையில்லை. ஒரு பாக்கெட் அவர் சட்டைப்பையிலும் ஒன்று வீட்டிலும் இருக்கட்டும், அம்மாவிடமும் இன்றே சொல்லிவையுங்கள்.