போர்க்கப்பல் மாதிரி கட்டத் தொடங்கிறவருக்கு எந்த அளவு நல்லம், 1/350 ஆ, 1/700 ஆ?

1/700 இலேயே தொடங்குங்கோ. கிளிநொச்சியில சின்ன மேசை ஒண்டுதான் இருக்கெண்டு எழுதியிருக்கிறியள். கணக்கு லேசு: உண்மையான நீளத்தை 700 ஆல பிரிச்சாச் சரி. யப்பானின்ர போர்க்கப்பல் யமாட்டோ 263 மீற்றர், அப்ப மாதிரி 37.6 சென்ரிமீற்றர். 1/350 எண்டா 75. வீட்டில எங்க வைக்கிறது?

முதல் கப்பலுக்கு நான் சொல்லுறது ஹேர்மீஸ். 1942 ஏப்ரல் 9 இல மட்டக்களப்புக்கு அங்கால யப்பான் விமானங்கள் தாட்ட பிரித்தானிய விமானந்தாங்கி. நீளம் 183 மீற்றர், அதால 26 சென்ரிமீற்றரோட முடிஞ்சிடும்.

துண்டுகள் ஒட்டிக்கொண்டு வாற பிளாஸ்ரிக் சட்டத்தில இருந்து அதுகளை நகவெட்டியாலயே வெட்டலாம். ஒட்ட வெட்டாதேங்கோ, ஒரு மில்லிமீற்றர் விட்டுப் பிறகு தேயுங்கோ. மாதிரிக்கான பசை பிளாஸ்ரிக்கைக் கரைச்சுத்தான் ஒண்டாக்கும், தூரிகை நுனியில தொட்டளவு காணும்.

பெயின்ற்தான் எங்கட பக்கம் சிக்கல். சோளகம் அடிக்கிற மத்தியானம் முத்தத்தில வைச்சுப் பூசினன், மேல்தளம் முழுக்கச் செம்மண் தூள். துடைக்கப் போக, பூசின சாம்பல் நிறமும் கழண்டு வந்திட்டுது. இப்ப விடியக்காலமை, காத்து எழும்ப முதல் தண்ணிப் பெயின்ற்தான் பூசுறது. காயுமட்டும் மேல சப்பாத்துப் பெட்டியைக் கவிட்டு விடுவன்.