கெமிஸ்ட்ரி மேடம் பதில்கள்: எம்.எஸ்சி. சேரவும் முடிக்கவும்

*நான் துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறேன். மகள் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி கடைசி வருஷம். அலைடு (துணை) பாடமாகக் கணக்குக்குப் பதில் விலங்கியல் படித்தவள். அதனால் எம்.எஸ்சி. கிடைக்காது என்று பக்கத்து வீட்டுப் பையன் பயமுறுத்துகிறான். நிஜமா மேடம்?*
— ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பையன் சொல்வதில் பாதி நிஜம் ஐயா. எம்.எஸ்சி. வேதியியலுக்கு எல்லா இடத்திலும் கேட்பது, பட்டப்படிப்பில் வேதியியல் முதன்மைப் பாடமாக இருக்க வேண்டும் என்பதுதான். அது உங்கள் மகளிடம் இருக்கிறது. அலைடு விஷயத்தில்தான் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். சில இடங்களில் இயற்பியலும் கணிதமும் அலைடாக இருந்தே ஆக வேண்டும் என்பார்கள். சில இடங்களில் உயிரியல் அலைடும் செல்லும். ஐ.ஐ.டி.களில் சில, பிளஸ் டூவிலோ டிகிரியிலோ கணக்கு படித்திருக்க வேண்டும் என்று கேட்கும். மகள் பிளஸ் டூவில் எந்த குரூப் என்று நீங்கள் எழுதவில்லை. கணக்கும் உயிரியலும் சேர்ந்த குரூப் என்றால் பாதிக் கவலை அங்கேயே தீர்ந்தது.

ஆகவே, விண்ணப்பிக்கப் போகும் ஒவ்வொரு கல்லூரியின் பிராஸ்பெக்டஸிலும் தகுதி என்ற பகுதியை மகளே உட்கார்ந்து படிக்கட்டும். புரியாவிட்டால் துறைத் தலைவருக்கு மெயில் போட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைக்கட்டும். ஆபீஸ் ஜன்னலில் யாரோ ‘கிடைக்கும் கிடைக்கும்’ என்று வாயால் சொன்னதை நம்பி மூன்று கல்லூரியை விட்டுவிட்டு, சான்றிதழ் சரிபார்க்கும் நாளில் அழுதுகொண்டு நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

சேர்ந்த பிறகும் கணக்கு விடாது. குவாண்டம் வேதியியலில் பெட்டிக்குள் அடைபட்ட துகளுக்கு ஷ்ரோடிங்கர் சமன்பாடு எழுதச் சொல்வார்கள், குரூப் தியரியில் மேட்ரிக்ஸ் வரும். தேர்வு முடிந்த லீவில் வகையிடல், தொகையிடல், மேட்ரிக்ஸ் மூன்றையும் பழைய பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் போட்டுப் பார்த்தால் போதும். விலங்கியல் படித்தவர்கள் குவாண்டத்தில் நல்ல மார்க் வாங்கி என் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன்.

அப்புறம், கடைசி செமஸ்டர் ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பெரும்பாலான இடங்களில் ஐந்து செமஸ்டர் மார்க்கை வைத்தே விண்ணப்பிக்கலாம். அரசுக் கல்லூரிகளுக்கு எல்லாம் சேர்த்து ஒரே ஆன்லைன் விண்ணப்பம். உதவி பெறும் கல்லூரிகளுக்கும் சுயநிதிக் கல்லூரிகளுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும்.

*மணலியில் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு லேபில் வேலை. பி.எஸ்சி.யோடு பதவி உயர்வு நின்றுவிட்டது. தபால் வழியில் எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தால் செல்லுமா?*
— ஒரு வாசகர், சின்ன சேக்காடு

செல்லும், யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதி இருந்தால். அந்த அனுமதி பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை. எந்தப் படிப்பு, எந்தக் கல்வியாண்டு என்று பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். போன வருஷப் பட்டியலை நம்பி இந்த வருஷம் பணம் கட்டாதீர்கள். யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது. இரண்டாவதாக, செய்முறை வகுப்பு எங்கே, எத்தனை நாள் என்று கேளுங்கள். ‘லேப் எல்லாம் பெயருக்குத்தான் சார், வந்து கையெழுத்துப் போட்டால் போதும்’ என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஷிப்டில் நின்று டைட்ரேஷன் போடுகிற ஆள் நீங்கள், உங்களுக்கு அந்தப் பட்டம் அவமானம்.

*பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி படித்தேன். எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்து, பி.எட். முடித்து, அரசு மேல்நிலைப் பள்ளியில் கெமிஸ்ட்ரி டீச்சர் ஆக ஆசை.*
— ஒரு வாசகி, கொருக்குப்பேட்டை

ஆசை நல்லது கண்ணு, வழியில் ஒரு பள்ளம் இருக்கிறது. முதுகலை ஆசிரியர் பணிக்கு இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும் என்று ஆசிரியர் தேர்வு வாரியம் கேட்கிறது. பயோகெமிஸ்ட்ரிக்கு எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரியில் இடம் கொடுக்கிற கல்லூரி கிடைத்தாலும், இரண்டு வருஷம் கழித்து வேலைக்கான விண்ணப்பத்தில் மாட்டிக்கொள்வாய். அப்ளைடு கெமிஸ்ட்ரி, இண்டஸ்ட்ரியல் கெமிஸ்ட்ரி என்று பெயர் சற்றே மாறிய பட்டங்களுக்கும் இதே தலைவலிதான். அவை கெமிஸ்ட்ரிக்கு இணை என்று உயர்கல்வித் துறை அரசாணை போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சேர்வதற்கு முன்பே அந்த அரசாணையைத் தேடிப் படி. பள்ளி ஆசிரியர் வேலைதான் உறுதி என்றால், இந்தப் பாதையில் கால் வைக்கும் முன் இரண்டு தடவை யோசி. ஆராய்ச்சி, மருந்துக் கம்பெனி என்றால் பயோகெமிஸ்ட்ரியிலேயே மேலே போகலாமே.

*எம்.எஸ்சி. முதல் வருஷம். ஒரு பேப்பரில் இன்டர்னல் 25-க்கு 22, எக்ஸ்டர்னல் 75-க்கு 34. மொத்தம் 56 வருகிறது. ஆனாலும் ஃபெயில் என்கிறார்கள். ராத்திரி கேட்டரிங் வேலைக்குப் போவதால் வாரத்தில் ஒரு நாள் லேபுக்கு லீவு போடுகிறேன். அதற்காகப் பழிவாங்குகிறார்களோ?*
— ஒரு வாசகர், காசிமேடு

பழியெல்லாம் இல்லை தம்பி. முதுகலையில் நம் பக்கத்துக் கல்லூரிகள் பலவற்றின் விதி இது: மொத்தத்தில் 50 வேண்டும், எக்ஸ்டர்னலில் தனியாகவும் பாதி வேண்டும். 75-இல் பாதி 37.5, அதாவது 38. உனக்கு நான்கு மார்க் குறைகிறது. விடைத்தாள் நகல் கேட்டு வாங்கிப் பார். கூட்டலில் பிசகு இருந்தால் மறுமதிப்பீட்டுக்குப் போடு, இல்லையென்றால் அடுத்த செமஸ்டரில் எழுது. இரண்டு வருஷம், நான்கு செமஸ்டர், 90-ஐ ஒட்டிய கிரெடிட். அதில் ஒரு அரியர் உன்னை மூழ்கடிக்காது.

லேப் லீவுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. விடுவதானால் தியரி வகுப்பில் ஒன்றை விடு என்று ஒரு வாத்தியார் எழுதக் கூடாது. எழுதிவிட்டேன். தியரியை நண்பனின் நோட்டில் பிடித்துவிடலாம். கலவையில் இருக்கும் இரண்டு கரிமச் சேர்மங்களைப் பிரிப்பதை எந்த நோட்டில் பிடிப்பாய்? ஈதரில் கரைத்துப் பிரிபுனலில் ஊற்றி, சோடியம் பைகார்பனேட் கரைசல் சேர்த்துக் குலுக்கும்போது உள்ளே வாயு முட்டும். புனலைக் கவிழ்த்துத் திருகைத் திறந்து ‘புஸ்’ என்று விட வேண்டும். ஒருமுறை மறந்தால் மூடி தெறித்துச் சட்டை நாசம். பிறகு அடியில் இருக்கும் நீர் அடுக்கை இறக்கி, ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால், கலவையில் ஒன்றாக இருந்த பென்சாயிக் அமிலம் வெள்ளை வெள்ளையாகத் திரண்டு விழும். அது விழுகிற வேகம், எப்போது நிறுத்த வேண்டும், ஐஸில் எவ்வளவு நேரம் வைக்க வேண்டும், எல்லாம் கைக்குப் பழக வேண்டிய சங்கதிகள். கனிமச் சேர்மத்தில் இன்னும் மோசம். பி.எஸ்சி.யில் பார்த்த ஈயமும் செம்பும் போதாதென்று டங்ஸ்டன், டெலூரியம், செரியம், தோரியம் என்று அரிய அயனிகளையும் கலந்து கொடுப்பார்கள். ஒரு குரூப் அயனிகளை முழுதாக வீழ்படிவாக்காமல் விட்டால் அது அடுத்த குரூப்பில் போய் உட்கார்ந்துகொண்டு உன்னைக் குழப்பும்.

வருகைப் பதிவும் இருக்கிறது. 75 சதவீதம் வேண்டும். கொஞ்சம் குறைந்தால் அபராதம் கட்டித் தேர்வு எழுத விடுவார்கள், ரொம்பக் குறைந்தால் செமஸ்டரையே திரும்பப் படிக்கச் சொல்வார்கள். முகூர்த்த நாள் காலண்டரை எடுத்துக்கொண்டு துறைத் தலைவரிடம் நேரில் போ. இந்த இந்த நாளில் வேலை, லேபை வேறு பேட்ச்சோடு செய்யட்டுமா என்று கேள். கேட்டரிங் வேலைக்குப் போகிற மாணவனைத் திட்டுகிறவர்கள் குறைவு. சொல்லாமல் மட்டம் போடுகிறவனைத்தான் திட்டுவார்கள்.

*ஜாம் தேர்வு எழுதலாமா, கஷ்டமா?*
— ஒரு வாசகி, ராயபுரம்

எழுது. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேருவதற்கான நுழைவுத் தேர்வு அது. மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மார்க், கம்ப்யூட்டரில். பிப்ரவரியில் நடக்கும், விண்ணப்பம் முந்தைய வருஷமே முடிந்துவிடும். ஒரே விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளில் மட்டும் தப்புக்கு மார்க் கழியும். எண்ணை டைப் செய்கிற கேள்விகளில் கழியாது, அவற்றைக் காலியாக விடாதே. புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு இது இல்லை, க்யூட் பி.ஜி. என்ற பொது நுழைவுத் தேர்வைத் தனியாக எழுத வேண்டும்.

*சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் இடம் கிடைக்கும்போல இருக்கிறது. விம்கோ நகரிலிருந்து தினமும் போய்வர முடியுமா, ஹாஸ்டல் தேடட்டுமா?*
— ஒரு வாசகர், திருவொற்றியூர்

மெட்ரோ வந்த பிறகு இந்தக் கேள்வியே வேண்டாம். ஏறினால் எங்கேயும் மாறாமல் சின்னமலை. ஹாஸ்டல் பணத்தை வைத்து நல்ல லேப் கோட்டும் கண்ணாடியும் வாங்கு. வேறொன்றைக் கேட்டுத் தெரிந்துகொள். அங்கே கரிம வேதியியல், கனிம வேதியியல், இயற்பிய வேதியியல், பகுப்பாய்வு வேதியியல் என்று துறைகள் தனித்தனி. நீ சேரும் துறையின் பட்டச் சான்றிதழில் எந்தப் பெயர் அச்சாகும் என்று சேரும் அன்றே கேள். ஏன் என்று கொருக்குப்பேட்டைப் பெண்ணுக்கு எழுதிய பதிலில் இருக்கிறது.